என்னைக் கொடுத்து சில்வெஸ்டரை வாங்கிய கதை

1976-ஆம் ஆண்டு என்னைக் கொடுத்துவிட்டு ஒரு பையனை வாங்கினார்கள். ஆளுக்கு ஆள், மேலே ஒரு காசு கைமாறவில்லை. அதற்காக நான் யார்மேலும் வழக்குப் போடவில்லை. இன்றுவரை நன்றிதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது தாய்லாந்து எல்லைக்குத் தெற்கே, பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் லாரி ஓட்டினேன். தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் இடப்பக்க ஓரத்தில் ஓடினேன். ஓடினேன் என்றுதான் சொன்னேன். ஆடினேன் என்று சொல்லவில்லை. குழுத் தலைவர் எங்கள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி மோரிஸ். கோல்கீப்பர் பழனியாண்டி. செயலாளர் நான். எதையும் முடிவு செய்வது நாங்கள் மூவர்தாம்.

நடுத்திடலில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்க எங்களுக்கு ஆள் இல்லை. பாலிங் மலைத்தோட்டம் ஒன்றில் சில்வெஸ்டர் என்று இருபது வயதுப் பையன் இருந்தான். அங்கே போய் ஆடித் தோற்று வந்தவர்கள் எல்லாம் அவன் காலைப் பற்றியே பேசினார்கள். பிறகு லீக் ஆட்டங்கள் பீடோங் திடலுக்கு வந்தன. பையனின் ஆட்டம் கெட்டுப்போனது. ஒரு பந்தும் ஆள் காலுக்குப் போகவில்லை. அவனைத் தள்ளிவிட மலைத்தோட்டத்தார் தயார். பதிலுக்கு என்னைக் கேட்டார்கள். என் ஆட்டத்தைப் பார்த்து அல்ல. அவர்கள் குழுவில் ஒருவனுக்கும் லாரி ஓட்டத் தெரியாது.

தோட்டத்தில் குழு மாறினால் சட்டை மட்டும் மாறாது. வேலையும் வீடும் சேர்ந்து மாறும். என் மனைவி குணவதிக்கு வலப்பக்க வீட்டில் ஓர் அக்கா, இடப்பக்க வீட்டில் ஓர் அக்கா.

"அந்தக் காட்டுல கொண்டுபோயி என்னை வெச்சீங்கன்னா, சோறு நீங்களே ஆக்கிக்குங்க" என்றாள்.

தமிழ்ப்பள்ளியில் கூட்டம் போட்டோம்.

"எடுத்துருவோம்லா. பையனுக்கு இருபது வயசுதான் ஆவுது" என்றார் மோரிஸ்.

"இருபதுல இப்படி அடிச்சான்னா, முப்பதுல பந்து தாய்லாந்துக்கே போயிரும் கிராணி!" என்றான் பழனியாண்டி.

ஒரு ஓட்டு அப்படி, ஒரு ஓட்டு இப்படி. மூன்றாவது என்னுடையது. மாட்டை விற்கலாமா என்று மாட்டிடமே கேட்டார்கள்.

"ஒரு வாரம் குடுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். பையன் மோசமாக ஆட வேண்டும் என்று அம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

அம்மன் குறை வைக்கவில்லை. சனிக்கிழமை பீடோங் திடலில் சில்வெஸ்டர் முதல் பாதியில் கொடுத்த பந்தெல்லாம் ஆளுக்கு நாலடி வலப்பக்கம் போனது. இரண்டாவது பாதியில் நாலடி இடப்பக்கம்.

"தப்பாவாச்சும் ஒரே மாதிரி பண்றானா பாருண்ணே!" என்று பழனியாண்டி தலையில் அடித்துக்கொண்டான். நான் தேங்காய் வாங்கப் போனேன்.

திங்கட்கிழமை உரமூட்டை ஏற்றிக்கொண்டு மலைத்தோட்டத்துக்குப் போக நேர்ந்தது. அன்றுதான் அவர்கள் திடலைப் பார்த்தேன். ஒரு பக்கக் கோட்டிலிருந்து மறுபக்கக் கோடுவரை ஒரே சரிவு. மேல் கோட்டில் மழை பெய்து பத்து நிமிடம் கழித்துத்தான் கீழ்க் கோட்டில் பெய்யுமாம். கீழே தவறிய பந்து பாலிங் பஸ் நிலையம்வரை உருண்டுபோய் அடுத்த பஸ்ஸில் திரும்பி வரும். கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் வாங்குவான். நான் கண்ணால் பார்த்தேன்.

அந்தச் சரிவில் ஆளைப் பார்த்து நேராக அடித்தால் பந்து கீழே உருண்டுவிடும். நாலடி மேட்டுப்பக்கம் அடித்தால்தான் சரியாகப் போய்ச் சேரும். முதல் பாதியில் மேடு வலப்பக்கம் என்றால், பக்கம் மாறி ஆடும்போது இடப்பக்கம். பையன் தப்பே பண்ணவில்லை. பீடோங் திடலில் மேடு இல்லை, அவ்வளவுதான்.

இது தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன். வாயை மூடிக்கொண்டால் என் வீடு எனக்கு.

திடலோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த சில்வெஸ்டர் என்னைக் கண்டு எழுந்து வந்தான்.

"பக்கிரிண்ணே, நான் வேணாம்னு சொல்லிருங்கண்ணே."

"ஏன்டா?"

"என் கால்ல என்னமோ ஆயிருச்சுண்ணே. உங்க டீமும் கெட்டுப்போவும். எனக்காக நீங்க குடும்பத்தோட இந்த மேட்டுக்கு ஏறி வரணுமா?"

எனக்கு வேண்டியதை அவனே சொல்லிவிட்டான். அதுதான் என்னைக் கெடுத்தது. திரும்பும் வழியெல்லாம் லாரி இறக்கத்தில் ஓட மறுத்தது.

கூட்டத்தில் சரிவைப் பற்றிச் சொன்னேன். மோரிஸ் கரும்பலகையில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பழனியாண்டி மெதுவாகக் கேட்டான்:

"சொல்லிட்டியேண்ணே. இப்ப நீ மேல போவணும், தெரியும்ல?"

"தெரியும்லா. எழுதிக்கிறேன், என் ஓட்டு அவனுக்கு."

குணவதி இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் வீட்டைக் கழற்றினாள். கொடிக்கயிறு, நாள்காட்டி மாட்டிய ஆணி, கடைசியில் பல்பு. "வர்றவங்க இருட்டுல இருக்கட்டும்" என்றாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

பாதிவழியில் எதிரே இன்னொரு லாரி வந்தது. சாமான்மேல் சில்வெஸ்டர், பக்கத்தில் அவன் அம்மா அகத்தா. கை ஆட்டினார்கள். குணவதி மடியிலிருந்த பல்பை முந்தானையால் மூடினாள்.

அவர்கள் விட்டுப்போன மலைவீட்டுக் கதவைத் திறந்தோம். தரை கழுவியிருந்தது. ஒரு மாதத்துக்கு விறகு அடுக்கியிருந்தது. அடுப்பில் சாம்பலுக்கடியில் நெருப்பு. மேலே சட்டியில் சோறு, மிளகாய் அரைத்து வதக்கிய நெத்திலிச் சம்பல். கூடையில் அடைகாக்கும் கோழி ஒன்று. அடையைக் கலைக்க வேண்டாம் என்று தங்கள் கோழியை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள்.

குணவதி சட்டியைத் திறந்து பார்த்தாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள்.

"சாப்பிட்டுட்டு லாரியை எடுங்க" என்றாள்.

வெயில் தாழ்வதற்குள் முப்பது மைல் இறங்கி என் பழைய வீட்டு வாசலில் நின்றேன்.

"என்ன தம்பி, எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்றார் அகத்தா.

"ஆமாக்கா" என்றேன்.

பல்பை மாட்டினேன். கொடிக்கயிற்றைக் கட்டினேன். சில்வெஸ்டர் சுத்தியல் எடுத்துக் கொடுத்தான். ஆணியையும் அது இருந்த ஓட்டையிலேயே அடித்தேன்.

"சம்பல் ரொம்ப நல்லாருந்துச்சுக்கா" என்றேன். சட்டியை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று அகத்தாக்கா கேட்டார்.