அத்தையை உள்ளே தள்ளாமல் ஒரு கதை

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதைக்குக் காரணம் பொறாமை. அப்பா 'கூடாது' என்றால் 'வாடி, நான் இருக்கேன்' என்று சொல்லும் அத்தை எனக்கு வாய்க்கவில்லை. அதனால் ஒருத்தியை எழுதினேன்.

அன்று காலை வானம் மேகமூட்டமாக... (வேண்டாம். வானம் என்ன பாவம் செய்தது?)

அத்தை வைத்திருப்பது மூக்குக்கண்ணாடிக் கடை. தம்பி மகளுக்குப் பதினாறு வயது. கால்பந்து என்றால் உயிர். பரீட்சை முடியும்வரை பந்தைத் தொடக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அன்றைக்குப் பார்த்து அணித் தேர்வு. டியூஷன் என்று சொல்லிவிட்டு வந்தவள், கண் சோதிக்கும் அறையில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

அத்தையின் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, பொண்ணு டியூஷனுக்குப் போகலையாம். அங்க வந்தாளா? இல்லன்னா இப்பவே போலீஸ்ல சொல்லப் போறேன்."

2

முதல் வரைவில் அத்தை, "இங்க வரலையேடா" என்றாள். எனக்குக் கைதட்டத் தோன்றியது. வக்கீல் தோழிக்குப் படித்துக் காட்டினேன்.

"உன் அத்தை மாட்டிக்கிட்டா."

"பந்து ஆடுறது குத்தமா?"

"ஆடுறது இல்ல. மைனர் பொண்ணு. அப்பா தேடுறார், இவ இல்லைங்கறா. ஒளிச்சு வச்ச மாதிரி ஆயிடும். போலீஸ்கிட்டயும் இதையே சொன்னா, அப்புறம் ஜாமீனுக்கு நான்தான் அலையணும்."

(அடித்துவிட்ட வரி: அத்தை தம்பி மகளோடு பின்சுவர் ஏறிக் குதித்தாள். அத்தைக்கு முட்டிவலி.)

3

இரண்டாம் வரைவில் அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "இங்கதான்டா இருக்கா. பத்திரமா இருக்கா. வா."

"அத்தை! போட்டுக் குடுத்துட்டியே!"

"நான் கம்பி எண்ணப் போனா, அடுத்த தடவை உனக்கு யாருடி இருக்கா? வாயை மூடிட்டு லேஸைக் கட்டு."

லேஸைக் கட்டச் சொன்னதைக் கவனியுங்கள். அத்தை இன்னும் அவளைக் கைவிடவில்லை.

தம்பி மூச்சிரைக்க வந்தான். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். மகளைக் கண்டதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். கோபத்துக்கு முன்னால் கண் கலங்கிவிட்டது. (அவனை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். முடியவில்லை.)

"என்னைக் கேட்டிருக்கலாம்ல அக்கா?"

"கேட்டிருந்தா விட்டிருப்பியா?"

யோசித்தான். "மாட்டேன்."

"அதான்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டான்.

"சரிடா, தப்புதான். இப்ப கேக்கறேன்," என்றாள் அத்தை. "கூட்டிட்டுப் போகட்டுமா?"

4

மகள் கோல் அடிப்பதாக எழுதிய பக்கம் தயாராக இருக்கிறது, அழகான கோல். ஆனால் அப்பா சம்மதிக்காமல் அவளை மைதானத்துக்கு அனுப்ப எனக்கும் உரிமை இல்லை.

நீங்கள் யாருக்காவது அப்பாவாகவோ அம்மாவாகவோ இருப்பீர்கள்; குறைந்தபட்சம் ஒரு காலத்தில் பதினாறு வயதிலாவது இருந்திருப்பீர்கள். தம்பி வாயைத் திறந்துவிட்டான், என்ன சொல்லட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள், மூன்று பேரும் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.