பத்து எண்ணும் வரை

எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கல்லூரிக்குப் போகிறோம். இளவட்டங்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு முப்பத்திரண்டு, அண்ணிக்கு நாற்பத்தொன்று. ஒரே தொழிற்கல்லூரிதான். நான் வாகனப் பழுதுபார்ப்பு, அண்ணி சமூகநலப் பணி. "ஒருத்தி மனுஷங்களை ரிப்பேர் பண்ணப் போறா, ஒருத்தன் வண்டியை ரிப்பேர் பண்ணப் போறான், என்னை ரிப்பேர் பண்ணத்தான் ஆளில்ல" என்று அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சோறு போடுகிறவர் என்பதால் நாங்களும் சிரித்து வைப்போம்.

அண்ணி விரும்பிச் சேர்ந்த படிப்பு இல்லை இது. பதினாறு வருஷம் ஆலையில் சட்டைக் காலர் தைத்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஓட்டிப் போன எங்கள் பழைய கார் ஒரு மதில் சுவரில் மோதி, வலது மணிக்கட்டு முறிந்தது. முன் சக்கரம் ஒன்று தனியாகக் கழன்று சாக்கடை ஓரம் கிடந்தது. வண்டியை இழுத்துவந்த லாரிக்காரர், "பள்ளத்துல வேகமா இறக்கியிருப்பாங்க" என்று போகிறபோக்கில் தீர்ப்புச் சொன்னார். அதை வீடே பிடித்துக்கொண்டது. "எந்தப் பள்ளத்தையும் நான் பாக்கலையே" என்று அழுத அண்ணிகூட, நாளாக ஆக, "பாக்காமத்தான இறக்கிட்டேன்" என்று சொல்லப் பழகிவிட்டார். மணிக்கட்டு முழுசாகத் திரும்பாததால் தையல் வேலை போயிற்று. தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியும் அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

விஷயம் என்னவென்றால், காரணம் பள்ளம் இல்லை. நான்தான்.

பஞ்சரான அந்தச் சக்கரத்தை விபத்துக்கு முந்தின நாள் கழற்றி மாட்டியவன் நான். நட்டுகளை இறுக்கிவிட்டதாகத்தான் சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்பு பட்டறை வகுப்பில் எங்கள் ஆசிரியை ஒரு பழைய சக்கரத்தைத் தூக்கி மேசைமேல் போட்டார். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். "இதுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க பாப்போம், அறிவாளிங்களா" என்றார். நட்டு உட்காரும் துளைகள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தன.

"பள்ளத்துல அடிச்சா விளிம்பு நெளியும். துளை இப்படித் தேஞ்சிருந்தா, நட்டைக் கையால திருகிட்டு, ஜாக்கியை இறக்கினப்புறம் ஸ்பேனர் போடாம விட்ட மகராசன் ஒருத்தன் இருக்கான்னு அர்த்தம். கொஞ்ச தூரம் வண்டி நல்லாத்தான் ஓடும். அப்புறம்தான் சக்கரம் உங்களை முந்திக்கிட்டுப் போகும்."

வகுப்பு சிரித்தது. எனக்கு அண்ணி ஓட்டிப்போன கார்தான் கண்முன் வந்தது. அதிலிருந்து கழன்ற சக்கரம் எங்கள் வீட்டுப் பின்பக்கம்தான் கிடக்கிறது, அதில் தோட்டத்துக் குழாயைச் சுற்றி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் குழாயை உருவிப் போட்டுப் பார்த்தேன். விளிம்பில் சின்ன நெளிசல்கூட இல்லை. நான்கு துளைகளும் முட்டை. ஜாக்கியை இறக்கும்போது போன் வந்ததும், பேசிக்கொண்டே நான் உள்ளே போனதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. குழாயை மறுபடியும் அழகாகச் சுற்றி வைத்தேன். நான் எப்பேர்ப்பட்ட கோழை என்று எனக்கே தெரிந்த நாள் அது.

அண்ணன் கோபப்பட்டுக் கத்துகிறவர் இல்லை. பேச்சை நிறுத்திவிடுவார். சித்தப்பா மகனோடு ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. எனக்கு இருப்பது இந்த ஒரு வீடு, அப்பா அம்மா இடத்தில் இந்த இரண்டு பேர். மூன்று வாரமாக அதை வாய் வரை கொண்டுவந்து மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் அண்ணிக்குக் கல்லூரியிலிருந்து ஒரு படிவம் வந்தது. படிப்பு முடிந்ததும் இரண்டு வேலைகளில் ஒன்று கிடைக்கும். தனியாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற களப்பணி, அல்லது அலுவலகத்தில் கோப்பு அடுக்குவது. அண்ணிக்குக் களப்பணிதான் உயிர். ஆனால் அதற்குக் கட்டாயமான 'வாகனம் ஓட்டுவீர்களா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதி வைத்திருந்தார். மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும்.

அன்று சாயங்காலம்தான் அவருடைய நேர்காணல் தேர்வுக்குப் பயிற்சி. உதவி கேட்டு வருகிறவராக நான் நடிக்க வேண்டும். கேள்வி கேட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் பேசும்வரை அண்ணி வாயைத் திறக்கக் கூடாது, மனசுக்குள் பத்து வரையாவது எண்ண வேண்டும். இதில்தான் போன முறை கோட்டைவிட்டிருந்தார். வந்தவர் மூக்கை உறிஞ்சி முடிப்பதற்குள் மூன்று யோசனை சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அண்ணன் குளிக்கப் போயிருந்தார். சாப்பாட்டு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். என் கையில் ஓர் அட்டை: 'உங்களுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை.' அண்ணி முதுகை நிமிர்த்திக்கொண்டு அதிகாரியானார். என்னை 'நீங்க' போட்டுப் பேசினார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"வீட்டுல இருக்கிறவங்ககிட்ட சொல்றதுக்கு எது உங்களைத் தடுக்குது?"

வெட்கமாக இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும், அட்டையில் அப்படித்தான் இருந்தது. சொல்லவில்லை. அண்ணி எப்படியும் நடுவில் புகுந்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் புகவில்லை. கண்ணை எடுக்காமல், முகத்தில் அவசரமே இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழோ எட்டோ எண்ணியிருப்பார்.

"சக்கரத்தை நான் இறுக்கல அண்ணி" என்றேன்.

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "இதுல அப்படி இல்லையே."

"இல்ல. நம்ம பழைய வண்டி. பஞ்சர் ஆனப்போ நான் மாட்டினேனே, அது. ஸ்பேனர் போட மறந்துட்டேன். நீங்க எந்தப் பள்ளத்துலயும் இறக்கல."

துளைகளைப் பற்றிச் சொன்னேன், ஆசிரியை சொன்னதைச் சொன்னேன், போன் வந்ததைச் சொன்னேன். முடிக்கும்வரை அவர் குறுக்கிடவே இல்லை.

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?" இன்னும் 'நீங்க' தான்.

"மூணு வாரமா."

"மூணு வாரமா." அண்ணி படிவத்தை இழுத்துப் பார்த்தார். "இதை எழுதறப்ப எனக்குப் பேனா எடுத்துக் குடுத்தது நீதான."

ஆமாம், நான்தான்.

"ரெண்டு வருஷமா அந்த ரோட்டை மனசுல திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்திருக்கேன். இங்க இருந்திருக்குமோ, அங்க இருந்திருக்குமோன்னு. இல்லாத பள்ளத்தைத் தேடிக்கிட்டு இருந்திருக்கேன்டா." என்னை ஒருநாளும் 'டா' போட்டுப் பேசாதவர். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். என் வாயில் மன்னிப்பு என்ற வார்த்தைகூட வரவில்லை. வந்திருந்தாலும் அந்த அழுகைக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அண்ணன் சட்டைப் பையிலிருந்து இப்போதைய காரின் சாவியை எடுத்தார். பின்னாலேயே வாசல் வரை ஓடினேன். ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். முதல் தடவை இன்ஜின் அணைந்துவிட்டது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது.

"நானும் கூட வரட்டுமா அண்ணி?"

கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "வேண்டாம். இன்னைக்கு வேண்டாம்" என்றார். "நான் திரும்பி வர்றதுக்குள்ள உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு. நீயே சொல்லணும்."

வண்டி மெதுவாகத் தெருமுனை வரை போய், சைகை விளக்குப் போட்டு, இடதுபக்கம் திரும்பியது.

அண்ணன் துண்டோடு வெளியே வந்தார். "வண்டிச் சத்தம் கேட்டுச்சே. யாருடா எடுத்துட்டுப் போறது?"

"அண்ணி."

"அவளா?" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் இரண்டு வருஷமாகப் பார்த்ததில்லை. "தனியாவா? எப்படிடா? என்ன சொல்லி அவளைச் சம்மதிக்க வெச்ச?"