ஐலா வீட்டு விறகு

ஐந்து மணிக்கு அம்மாவிடம் சரி என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல்தானே. அழாமல் சொல்லிவிட முடியும்.

ஈரத் துணிகளை உதறிக் கொடியில் போட்டபடியே ஆர்டிஸ் வெல்பர்ன் அந்தச் சொல்லை மனதுக்குள் பழகிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை. மார்மன் சபையின் ஊழியக்காரிகளுக்குத் துணி துவைக்கவும் வீட்டோடு பேசவும் விட்டிருக்கும் நாள். போன திங்களன்று அம்மா கேட்டிருந்தாள்: "ஜனவரில காலேஜ்ல இடம் இருக்கு கண்ணு. பாதில வந்துட்டாளேன்னு யாரும் பேச மாட்டாங்க. யோசிச்சு அடுத்த வாரம் சொல்லு."

பதினெட்டு மாத ஊழியத்தில் பதினோரு மாதம் முடிந்திருந்தது. ஐடஹோவின் உருளைக்கிழங்கு வயல்களிலிருந்து பின்லாந்தின் டம்பேரேக்கு வந்தவள், இந்த ஊரில் முழுசாகக் கற்றுக்கொண்டது இரண்டே சொற்கள்தான் என்று நினைத்துக்கொள்வாள். வேண்டாம், நன்றி. ஊழியத்துக்காகக் கதவைத் தட்டினால் திறப்பவர்கள் திட்டுவதில்லை, காரணம் சொல்வதில்லை, மன்னிப்பும் கேட்பதில்லை. அந்த இரண்டு சொல்லோடு கதவு மெல்ல மூடிக்கொள்ளும். பேசுவதெல்லாம் கூட்டாளி சிஸ்டர் பிரிங்க்மன்தான். பின்னிஷ் மொழி ஆர்டிஸின் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். அவள் ஒரு சொல்லைத் தேடி எடுப்பதற்குள் பிரிங்க்மன் பத்து வாக்கியம் சொல்லி முடித்திருப்பாள்.

"சிஸ்டர் வெல்பர்ன், கோடாலி பிடிப்பேன்னு சொன்னியே, நிஜந்தானா? இல்ல சும்மா ஊர்ப் பெருமையா?" பிரிங்க்மன் பூட்ஸ் கயிற்றைக் கட்டியபடி கேட்டாள். "கை ஒடிஞ்ச அந்த பஸ் டிரைவரம்மாகிட்ட விறகு பிளக்க வர்றோம்னு வாக்கு குடுத்துட்டேன்."

ஒருத்தி போனால் மற்றவளும் போக வேண்டும். தனியாக எங்கும் போகக் கூடாது என்பது அவர்களுக்கு விதி. ஆர்டிஸ் பாவாடைக்குப் பதில் கால்சட்டையை மாட்டிக்கொண்டாள்.

பிஸ்பலா மேட்டில், ஏரியைப் பார்த்த மஞ்சள் மர வீடு. முற்றத்தில் பிர்ச் மரக் கட்டைகள் இடுப்பளவு குவிந்து கிடந்தன. ஐலா ஹியத்தலா ஐம்பத்தைந்து வயதுக்காரி. இடது கையில் மாவுக்கட்டு. வாயில் சிரிப்பு இல்லை, கண்ணில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

"தினம் என் பஸ்ஸ பிடிக்க ஓடி வர்ற ரெண்டு பாவாடைதானே நீங்க? விறகு பிளக்கப் போறீங்களா? ஆம்புலன்சுக்கு இப்பவே சொல்லி வைக்கட்டுமா?"

ஆர்டிஸ் ஒரு கட்டையை நிறுத்தினாள். கணு எந்தப் பக்கம் என்று பார்த்தாள். கோடாலியைத் தலைக்கு மேல் தூக்கி அதன் கனத்திலேயே விழ விட்டாள். கட்டை ஒரே வெட்டில் இரண்டாகி இரு பக்கமும் விழுந்தது.

ஐலா உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பன்னிரண்டு வயதிலிருந்து ஆர்டிஸ் செய்த வேலை இது. தோள் மறக்கவில்லை. மேல்சட்டையைக் கழற்றி வேலியில் போட்டாள். பிர்ச் மணம் எழுந்தது. இந்த ஊருக்கு வந்த பிறகு தன் உடம்பு தனக்கே சொந்தமாக இருப்பது இன்றுதான் என்று தோன்றியது. அடுத்த வீட்டுக்காரர் வேலிப்பக்கம் வந்து நின்றார்.

"யாரு ஐலா இது? கூலிக்கு ஆள் பிடிச்சியா?"

"அமெரிக்கா. காசு வாங்காது. உன் விறகுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன், போ."

ஐலாவின் குரல் இளகியதைக் கேட்டதும், அடுக்கிக்கொண்டிருந்த பிரிங்க்மன் விறகைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து துண்டுப் பிரசுரத்தை எடுத்தாள். "ஐலா, கடவுள் நம்ம எல்லாருக்கும் ஒரு திட்டம் வெச்சிருக்காரு. வர்ற ஞாயிற்றுக்கிழமை நீங்க சபைக்கு..."

ஐலாவின் முகம் மூடியது. அந்த மூடலை ஆர்டிஸ் எத்தனையோ கதவுகளில் பார்த்திருக்கிறாள்.

"உள்ள வை, சிஸ்டர்." சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "வேலை முடியட்டும்."

பிரிங்க்மன் காதுவரை சிவந்து, பிரசுரத்தைப் பையில் வைத்தாள். அதன்பின் யாரும் பேசவில்லை. கோடாலியின் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தில் ஆர்டிஸுக்கு முதல்முறையாக மூச்சு முட்டவில்லை.

கடைசிக் கட்டை பிளந்ததும் ஐலா சூடான கருந்திராட்சைச் சாறு கொண்டு வந்தாள். "உங்க ஆளுங்க காப்பி தொட மாட்டீங்க, தெரியும். பாவம்." பிறகு ஆர்டிஸைப் பார்த்தாள். "அவ சொல்றது இருக்கட்டும். நீ சொல்லு பொண்ணு. எதை நம்பி இவ்வளவு தூரம் வந்த?"

பிரிங்க்மன் மூச்சை இழுத்தாள். பின் தானே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நான் தனியா இல்லன்னு நம்புறேன்." ஆர்டிஸ் நிறுத்தினாள். அடுத்த சொல் வரவில்லை. ஐலா காத்திருந்தாள். அவள் முகத்தில் அவசரமும் இல்லை, இரக்கமும் இல்லை. வாக்கியம் முடியும்வரை கேட்பவள் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் இங்கே மரியாதை. பதினோரு மாதமாகத் தன்னை இளப்பமாகப் பார்த்ததாக நினைத்த முகங்களெல்லாம் ஒருவேளை வெறுமனே காத்துத்தான் நின்றிருக்குமோ? "என்னால பேச முடியாதபோதும் கேக்கிற ஒருத்தர் இருக்கார். அவர்கிட்டதான் தினமும் பேசுறேன்."

ஐலா ஏரியைப் பார்த்தபடி சாறு முழுவதையும் குடித்தாள். "என் வீட்டுக்காரர் போனதுலேர்ந்து நான் அடுப்போடதான் பேசுறேன்." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வியாழக்கிழமை இன்னொரு லோடு வருது. வா. அவளையும் கூட்டிட்டு வா. இப்ப சொன்னதுல மிச்சத்தையும் சொல்லணும்."

மேட்டிலிருந்து இறங்கும் படிகளில் பிரிங்க்மன் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக் கத்தினாள். "அவங்களே கேட்டாங்கடி! அவங்களா கேட்டாங்க!" ஆர்டிஸ் கொப்புளம் வந்த உள்ளங்கைகளைக் காட்டினாள். இருவரும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

ஐந்து மணிக்கு அம்மா திரையில் வந்தாள். அங்கே காலை எட்டு மணி. பின்னால் சமையலறை ஜன்னல், அப்பாவின் தொப்பி.

"முகமெல்லாம் சிவந்திருக்கே, ஜுரமா?"

"விறகு பிளந்தேம்மா."

"அங்க போயுமா?" அம்மா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "டிக்கெட் பாத்து வெச்சிருக்கேன் கண்ணு. நீ சரின்னா இப்பவே போட்டுடறேன். போடட்டுமா?"

பழகி வைத்த சொல்லைத் தேடினாள். அது இருந்த இடத்தில் இல்லை. அம்மா காத்திருந்தாள். ஆர்டிஸும் அவசரப்படவில்லை. காரணம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

"வேண்டாம்மா," என்றாள் மெல்ல. "நன்றி."