பாலாய்க் கொடுத்த கவுன்

கித்தேரிக்கு முதுகு ஒடிந்துவிடும் போலிருந்தது. நாலைந்து நாளாக இதே பாடுதான். அண்டா நிறைய வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பூந்திக்கொட்டை நுரை, நுரைக்குள்ளே மாமியாருடைய கல்யாண கவுன். பிழியக்கூடாது, கசக்கக்கூடாது. பழைய பட்டு நனைந்தால் தன் பாரத்தைத் தானே தாங்காமல் கிழிந்துவிடும். அடியில் ஒரு விரிப்பைக் கொடுத்து, பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல விரிப்போடு தூக்க வேண்டும். தூக்கினால் தேயிலைத் தண்ணீராய் வடியும். மறுபடியும் புதுத் தண்ணீர். மட்காவ் டவுன் சலவைக்கடைக்காரன் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

"என்னடி, வெளுத்துச்சா?" கூடத்து நாற்காலியிலிருந்து மாமியார் பியேதாத் கிழவி கேட்டாள். அவளை அந்த வீட்டில் எல்லோரும் மாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வெளுத்துக்கிட்டே இருக்கு மாய்."

"நான் பாலாக் குடுத்தேன். நீதான் மோராக்கி வச்சே."

இந்த வார்த்தை இன்று நேற்று வந்ததல்ல. கித்தேரி மணப்பெண்ணாக இருந்தபோது அந்தக் கவுனை அவளுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அந்த வீட்டுப் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் கல்யாணத்துக்கு மாதா கோயில் ஏற வேண்டும். துணி துவண்டு கிடக்கிறதே என்று கித்தேரியின் அம்மா அதற்கு லேசாகக் கஞ்சி போட்டாள். அவ்வளவுதான். கஞ்சி போட்டுப் பட்டையே கெடுத்தாள் மகராசி என்று பேர் வந்துவிட்டது. அம்மா மண்ணுக்குள் போனாள், பேர் மட்டும் மேலேயே நின்றது.

சாட்சிக்குச் சுவரிலேயே இரண்டு படங்கள் தொங்கின. ஒன்றில் மாய், நிலா இறங்கி வந்ததுபோல வெள்ளைவெளேர் என்று நிற்பாள். பக்கத்துப் படத்தில் அதே கவுனில் கித்தேரி, மஞ்சளாக. விருந்துக்கு வருகிறவர்கள் அதையும் இதையும் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். கித்தேரியும் அம்மா செய்தது தப்புத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் மகள் லவீனா லண்டனிலிருந்து வருகிறாள். கல்யாணம். அந்தக் கவுனைத்தான் போடுவேன் என்கிறாள். சொந்தபந்தம் அத்தனையும் கூடும். கவுன் வெளுக்காவிட்டால் அம்மாவின் கஞ்சியைத்தான் முதல் பந்தியில் பரிமாறுவார்கள். கித்தேரிக்கு அந்த ஒரு பயம்தான்.

எலுமிச்சையும் உப்பும் வைத்துப் பார்த்தாள், மஞ்சள் அசையவில்லை. மாய் விடவில்லை. "நீலம் போடேன். நீலம் போட்டா வெளுக்காத துணி உண்டா?"

கித்தேரி முன்யோசனையாக, வெளியே தெரியாத உள்மடிப்பின் ஓரத்தில் மட்டும் ஒரு சொட்டு வைத்தாள். மஞ்சளில் நீலம் விழுந்து, பாசி பிடித்த குளம்போல ஆயிற்று. புருஷன் எட்டிப் பார்த்தான்.

"ஏன்டி, கல்யாணம் நம்ம பொண்ணுக்கா, இல்ல கிளிக்கா?"

"சிரிங்க. உங்களுக்கென்ன? இடுப்பு எனக்குத்தானே விட்டுப்போச்சு."

அன்று மத்தியானம் கவுனைக் கட்டிலில் பரப்பி, விசிறியைச் சுழலவிட்டாள். வெயில் கண்டு எத்தனையோ நாளாயிற்று, மழை கூரையை இடித்துக்கொண்டிருந்தது. ஈரம் போனதும் பக்கத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். லவீனா கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள், உள்ளே மடித்துத் தைத்திருக்கும் துணியை வெளியே விட்டால்தான் சேரும்.

நூலை ஒவ்வொன்றாக அறுத்தாள். மடிப்பு விரிந்தது. தைத்த நாளிலிருந்து வெளிச்சமே படாத துணி. அதுவும் வெண்ணெய் நிறமாகத்தான் இருந்தது. பளபளவென்று, கடையிலிருந்து இப்போதுதான் வெட்டி வாங்கியதுபோல. அதே மடிப்புக்குள் தையற்காரன் வைத்துத் தைத்த பருத்தி நாடா ஒன்று. அதுவும் அதே வயது, அதே இருட்டு. நாடா மட்டும் முல்லைப்பூப்போல வெளுப்பாகக் கிடந்தது.

கித்தேரி வெகுநேரம் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு எழுந்து கூடத்துப் படங்களுக்கு முன்னால் போய் நின்றாள். மாயின் படம் கறுப்பு வெள்ளை. தன்னுடையது கலர். இத்தனை வருஷமாக அதை ஒரு மனுஷர்கூட யோசிக்கவில்லையே, அவள் உட்பட.

கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. கவுனை விரிப்போடு ஏந்திக்கொண்டு வந்து மாயின் மடியில் வைத்தாள்.

"இந்தத் தையலுக்குள்ள பாருங்க மாய். எங்கம்மா கஞ்சி இங்க ஏறியிருந்தா இந்த நாடாவும்ல மஞ்சளாயிருக்கணும்? துணியே இந்த நிறந்தான்."

"போடி. படத்தைப் பாரு. வெள்ளையில்ல?"

"படத்துல உங்க உதடு கறுப்பா இருக்கு. கரியா பூசிக்கிட்டுக் கோயிலுக்குப் போனீங்க?"

கிழவி கண்ணாடியை மூக்கில் ஏற்றி மடிப்பைப் பார்த்தாள், நாடாவைப் பார்த்தாள். விரலால் அதைத் தடவினாள். "கையில ரோஜாச் செண்டு வச்சிருந்தேன். நல்ல சிவப்பு," என்றாள் மெதுவாக. "அதுவும் படத்துல கறுப்புத்தான்."

கிழவி சுவரிலிருந்த தன் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ நான் வெள்ளையில போகலையா?"

அந்தக் குரலைக் கேட்டதும் கித்தேரிக்கு ஜெயித்ததுபோலவே இல்லை. "வெண்ணெய் மாதிரிப் போயிருக்கீங்க மாய். அழகாத்தான் இருந்திருப்பீங்க."

கிழவி கவுனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "இனிமே இதைத் தண்ணியில முக்காதே. நீ போய்ப் படு. கண்ணு ரெண்டும் குழிக்குள்ள கெடக்கு."

கித்தேரி கஞ்சியும் உப்பு மாங்காயும் சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் சாய்ந்தாள். கண் சொருகும் நேரத்தில் வாசலில் மீன்காரி இனாசினின் குரல்.

"என்ன பாட்டி, மடியில கவுனு? உங்க சம்பந்திம்மா கஞ்சி போட்டுக் கெடுத்தாங்களே, அதுவா?"

"யாருடி கெடுத்தது? நாக்கு அழுகிடும்! இது பொறப்புலயே வெண்ணெய் நிறம். என் சம்பந்தி கைபட்ட கஞ்சியாலதான் பட்டு இன்னும் வெறைப்பா நிக்குது."

"அப்போ ஏன் வெளுக்கப் போட்டீங்களாம்?"

"நானா போட்டேன்? எல்லாம் இந்தக் கித்தேரிக்குப் பிடிச்ச கிறுக்கு. நான் பாத்துத் தடுத்தேனோ, பட்டு பொழச்சுதோ! சரி, அந்த வஞ்சிரம் எப்பிடி?"

எழுந்துபோய் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று கித்தேரிக்குத் தோன்றியது. அம்மாவின் பேர் வெளுத்துவிட்டது, இந்தப் புதுப் பழியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள்.