மொட்டைத் தலைக்கு ஓர் அளவு

அன்று காலை என் கணவர் தலையைக் குனிந்து நின்றார். நான் அவர் தலையில் சந்தனம் தடவினேன். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுத்து மொட்டை போட்டிருந்தார். அவருக்குச் சுருட்டை முடி, காடு மாதிரி அடர்த்தி. அது போனதும் ஆளே சின்னவராகிவிட்டது போலிருந்தது. சந்தனம் காய்ந்ததும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். தலையை இடப்பக்கம் திருப்பினார். தலை திரும்பியது, ஹெல்மெட் கொஞ்சம் தாமதித்துத் திரும்பியது.

“பெருசா இருக்கே,” என்றேன்.

“முடி வளந்தா சரியாயிரும் லா,” என்றார். வாரைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கள் வீடு கிள்ளானில். அவருக்கு வேலை பிரிக்ஃபீல்ட்ஸில்.

கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டிய மோட்டார் சைக்கிள் பாதையில், சுபாங் தாண்டி, முன்னால் போனவர் சறுக்கி விழுந்திருக்கிறார். அவர்மேல் ஏற்றிவிடாமல் ஒதுங்கப்போய் இவரும் விழுந்திருக்கிறார். உடம்பில் சிராய்ப்புகள்தான். அடி தலையில். ஹெல்மெட் தள்ளிப் போய்க் கிடந்தது. போலீஸ்காரர் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். வார் பூட்டியபடியே இருந்தது.

திருச்செல்வம் என்பது என் கணவர் பெயர். சாவு வீட்டுக்கு வந்தவர்கள், முருகனே கூப்பிட்டுக்கொண்டான் என்றார்கள். காவடி எடுத்த வாரத்தில் போகக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். அந்த ஹெல்மெட் எப்படித் திரும்பியது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் மகள் மாதவி அப்போது பினாங்கில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளும் பிரிக்ஃபீல்ட்ஸில்தான் வேலை செய்கிறாள், எலும்பு, தசை வலிக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு கிளினிக்கில். கொமுட்டர் ரயில் அடிக்கடி தாமதம் என்று ஒரு வருஷம் முனகினாள். பிறகு ஒருநாள், தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மின்சார மோட்டார் சைக்கிள் ஒன்றுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். கையில் ஒரு வெள்ளை ஹெல்மெட்டும் இருந்தது. தேன்கூட்டைப் போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. கூட வேலை செய்யும் பெண் கொடுத்தாளாம்.

“இது சைக்கிள் ஓட்டறவங்க போடறது இல்ல?”

“இ-பைக்தானே மா. இது போதும். காத்து நல்லா வரும்.”

“எவ்ளோ வேகம் போகும்?”

“அது ஓட்டறவங்களப் பொறுத்தது.”

“ஓட்டப்போறது நீ. எவ்ளோ?”

“நூறு போகும். நான் போகமாட்டேன்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருபத்தைந்து வயதுப் பெண், அவள் சம்பளம், அவள் உரிமம். வேண்டாம் என்றால் தோழி வீட்டில் வைத்து ஓட்டுவாள். அதனால், “நல்ல ஹெல்மெட்டா ஒண்ணு பாப்போம். நானும் வரேன்,” என்று மட்டும் சொன்னேன்.

எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாது. அவள் செய்யப்போகும் ஒன்றை எண்ணித்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். போன வருஷம் எனக்கு டெங்கி வந்து மருத்துவமனையில் கிடந்தபோது, நான் பிழைத்து எழுந்தால் தைப்பூசத்தில் முடி கொடுப்பதாக அவள் நேர்ந்துகொண்டிருந்தாள். அப்பாவைப் போலவே அவளுக்கும் சுருட்டை முடி, இடுப்புவரை.

ஹெல்மெட் கடை கிள்ளானிலேயே, மேரு சாலைப் பக்கம். கடைக்காரர் பெயர் லோகன். நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாத மனிதர். மாதவி கொண்டுபோன வெள்ளை ஹெல்மெட்டை வாங்கி விரலால் தட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, இது பார்க்ல ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டே சுத்தற சைக்கிளுக்கு. ஒங்க மோட்டார் சத்தம் போடாது, அவ்வளவுதான் வித்தியாசம். விழுந்தா எல்லாருக்கும் ஒரே ரோடுதான் லா.”

“கடைக்கு வந்தவங்கள பயமுறுத்தவா கடை வச்சிருக்கீங்க அண்ணே?”

“பயந்தவங்கதான் நல்ல ஹெல்மெட்டு வாங்குவாங்க. பயப்படாதவங்க கலர் பாத்து வாங்குவாங்க.”

மாதவி கலரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சட்டென்று திரும்ப வைத்தாள்.

முகம் முழுவதையும் மூடுகிற வகையாக இருக்கட்டும் என்றேன். தரச் சோதனைக்கான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பின்பக்கம் புரட்டிப் பார்த்தேன். லோகன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகக் கீழே விடச் சொன்னார். முதலில் மாட்டியது காதோடு நின்றுவிட்டது. அடுத்தது, ‘எல்’ அளவு, மெதுவாக இறங்கியது. அவள் கன்னங்கள் இரண்டும் முன்னால் தள்ளிக்கொண்டன.

“மீன் மாதிரி இருக்கேன்,” என்றாள், உள்ளேயிருந்து.

“மீன் மாதிரி இருந்தாத்தான் சரி. மனுஷன் மாதிரி இருந்தா லூசு,” என்றார் லோகன். தாடைப் பகுதியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். ஹெல்மெட்டோடு அவள் தலையும் சேர்ந்து ஆடியது. எனக்கு அது போதவில்லை. அவள் பின்னால் போய் நின்று, ஹெல்மெட்டின் அடிவிளிம்பில் இரண்டு கைகளையும் கொடுத்து மேலே முன்னால் தள்ளினேன்.

“அக்கா, கடை ஷட்டர தூக்கற மாதிரி தூக்கறீங்க. தங்கச்சி கழுத்து வேணும்ல?”

மாதவி சிரித்தாள். ஹெல்மெட் அசையவில்லை. அவர் பெட்டியைத் தேடப் போனார். அப்போதே வாயை மூடிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

“தம்பி, முடி இல்லன்னா இது எப்படி நிக்கும்?”

“ஏன் இல்லாம? ஒங்க பொண்ணுக்கு ஒரு கடைக்கு விக்கற அளவுக்கு இருக்கே.”

“அடுத்த வாரம் மொட்டை போடறா.”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். “அப்ப லூசாகும் அக்கா. இவ்ளோ முடி போனா கண்டிப்பா ஆகும்.”

மாதவி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் சிவந்திருந்தது. “என்ன மா நீ? எல்லாரும்தான் மொட்டை போடறாங்க. அப்பாகூடத்தான் போட்டாரு. அதே ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுத்தானே...”

பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. ஹெல்மெட்டைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டுக் கடையைவிட்டு வெளியே போனாள்.

காருக்குள் உட்கார்ந்திருந்தாள். நானும் ஏறி உட்கார்ந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. இரண்டு பேருமே ஏர்கோனைத் திறக்கவில்லை.

“சாமிக்கு மொட்டை போட்டதாலதான் அப்பா போனாருன்னு சொல்ல வர்றியா?”

“சாமியச் சொல்லல. அளவச் சொல்றேன்.”

“இத்தன நாளா ஏன் சொல்லல?”

“யார்கிட்ட சொல்லறது? எதச் சொன்னாலும் நேத்திக்கடனக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும். பாட்டி, சித்தப்பா எல்லாரும் முருகன் கூப்பிட்டுக்கிட்டான்னு நெனச்சித்தான் தேத்திக்கிட்டாங்க.”

“நான் நேந்துக்கிட்டது ஒனக்காக மா.”

“தெரியும். போடாதன்னு சொல்லல.”

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒருவன் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, தலையில் தொப்பியோடு மோட்டாரில் போனான். அவனையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“வாரு பூட்டியிருந்துச்சா?”

“பூட்டித்தான் இருந்துச்சு. பூட்டினபடியே கொண்டுவந்து கொடுத்தாங்க.”

“பூட்டலன்னு நெனச்சேன்,” என்றாள். “எப்பவும் அவசரத்துல மாட்டிக்கிட்டு ஓடுவாருல்ல. அன்னைக்கும் பூட்டாமத்தான் போயிருப்பாருன்னு. ரொம்பக் கோவமா இருந்தேன் மா அவர்மேல.”

அவள் அழவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். அப்புறம், “இப்ப என்னா செய்யணும்ங்கற?” என்றாள்.

“மோட்டார் வந்தா வரட்டும். தைப்பூசம் முடியறவரைக்கும் ரயில்ல போ. மொட்டை போட்டுக்கிட்டு வந்து ஹெல்மெட் வாங்குவோம்.”

“முடி வளந்தா?”

“அப்பவும் வருவோம்.”

காரைக் கிளப்பினாள்.

மோட்டார் அந்த வாரமே வந்தது. கறுப்பு நிறம். வீட்டு முன்னால் நிறுத்திச் சார்ஜ் போட்டிருந்தாள். அவருடைய பழைய மோட்டார் தெருமுனை திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிடும். அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவேன். இது நின்றாலும் ஓடினாலும் ஒன்றுதான். எத்தனை சத்தம் வந்தாலும் அதைத் தாங்கலாம், சத்தமே இல்லாத ஒன்றை எப்படிக் காது கொடுத்துக் காத்திருப்பது என்று எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் மாலை சமையலறையிலிருந்து வந்து பார்த்தேன். சார்ஜ் வயர் தரையில் கிடந்தது. மோட்டாரைக் காணோம். வெள்ளை ஹெல்மெட்டையும் காணோம்.

கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை. போனை எடுத்தேன், ஓட்டிக்கொண்டிருக்கும்போது அடித்தால் எடுக்கப்போய் விழுவாளோ என்று வைத்துவிட்டேன். எதிர்வீட்டுப் பவுனம்மாள் அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்னா மலர், யாரும் வராங்களா?”

“இல்லக்கா. சும்மாத்தான்.”

“சும்மா நிக்கறவ செருப்பில்லாமலா நிப்பா?”

கீழே பார்த்தேன். தார்ச்சாலை அப்போதும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு லோரி திரும்பியது. பிறகு பள்ளி வேன். அதன் பின்னாலிருந்து, எந்த ஓசையும் இல்லாமல், மாதவி வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் திடுக்கிட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“நம்ம தாமான் தெருவுக்குள்ளேயே ஒரு சுத்து மா. இருபதுக்கு மேல போகல.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கால்களைப் பார்த்தாள். மோட்டாரை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். சாவியைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். “நீயே வச்சிரு,” என்றாள்.

தைப்பூசத்தன்று பத்துமலையில், முடி எடுப்பவர் முன்னால் அவள் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். பிடி பிடியாக முடி விழுந்தது. கத்தி காதின் பின்னால் போகும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடாமல் பார்த்தேன். பிறந்தபோது பார்த்த தலை. எவ்வளவு சின்னது. இதன்மேல்தான் அந்த ‘எல்’ அளவை மாட்டி அனுப்ப இருந்தோம்.

மறுநாளே கடைக்குப் போனோம். லோகன் அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

“தங்கச்சி, சந்தனத்தோட என் புதுச் சரக்குக்குள்ள தலைய விடாதீங்க. அப்புறம் எல்லா ஹெல்மெட்டும் கோயில் மாதிரி மணக்கும்.”

“பிஸ்னஸ் நல்லா ஓடும் அண்ணே.”

பின்னால் இருந்த குழாயில் தலையைக் கழுவிக்கொண்டு வந்தாள். போன தடவை எடுத்துவைத்த அதே ‘எல்’ஐ முதலில் மாட்டச் சொன்னேன். மாட்டினாள். வாரைப் பூட்டினாள். நான் பின்னால் நின்று அடிவிளிம்பில் கை கொடுத்தேன். அவ்வளவாகத் தள்ளக்கூட இல்லை. பூட்டிய வார் தாடையைத் தாண்டி வாய்க்கு வந்தது. ஹெல்மெட் கண்களை மறைத்துக்கொண்டு முன்னால் சரிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் கையோடு வந்திருக்கும்.

மாதவி அதைத் தானே கழற்றி, இரண்டு கைகளிலும் பிடித்தபடி, பூட்டியிருந்த வாரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “சின்னது குடுங்க அண்ணே,” என்றாள்.

‘எம்’ அளவு லேசாக ஆடியது. ‘எஸ்’ நெற்றியை அமுக்கியது. லோகன் ‘எம்’மைத் திரும்ப எடுத்து, உள்ளே இருந்த கன்னப் பஞ்சுகளை உருவிவிட்டுத் தடித்தவற்றைப் பொருத்தினார். அவள் மாட்டினாள். அவர் ஆட்டினார். நான் தள்ளினேன். என் பலம் முழுவதையும் கொடுத்துத் தள்ளினேன். அவள் ஓர் அடி முன்னால் போய் மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஹெல்மெட் இருந்த இடத்தில் இருந்தது.

“மா, இன்னொரு தடவ தள்ளு,” என்றாள், உள்ளேயிருந்து.

தள்ளினேன். அசையவில்லை.

“முடி வளர வளர இறுகும்,” என்றார் லோகன். “வலிக்குதுன்னு வார லூசா விட்றாதீங்க. நேரா இங்க வாங்க, பஞ்ச மாத்தித் தரேன். எத்தன தடவ வேணும்னாலும்.”

அப்படியானால் ஒரு வருஷத்துக்கு நான் அவள் முடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் எதையோ கவனிக்காமல் விட்டுவிடுவேனோ என்ற பயம் அப்போதே வந்துவிட்டது. அது போகாது என்றும் தெரிந்தது. சாவியைக் கைப்பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

கிளம்பும்போது லோகன் ஓர் ஒட்டுத்தாளைக் கொடுத்தார். ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒட்டுவது. பெயர், கூப்பிட வேண்டிய எண், ரத்த வகை. மாதவி பேனாவை என்னிடம் நீட்டினாள்.

“நீயே எழுது மா. என் எழுத்து எனக்கே புரியாது.”

பெயரை எழுதினேன். என் எண்ணை எழுதினேன். மூன்றாவது கோட்டில் பேனா நின்றது. அது யார் படிப்பதற்காக, எந்த நேரத்தில் படிப்பதற்காக என்று எனக்குத் தெரியும்.

“எழுது மா,” என்றாள். “இருந்தா நல்லதுதானே.”

அவள் பிறந்த அன்று தாதி சொன்னதையே எழுதினேன். பி பாசிட்டிவ்.