பின்பலகைக்கு ஒரு மோட்டார்

டோய்வோ லாட்டியின் வலது கையில் பலம் போய்விட்டதை முதலில் பார்த்தவன் நான்தான். ஓர் இலையுதிர்காலத்தில், ஏரி நடுவே, படகின் பெட்ரோல் மோட்டாரைக் கிளப்பக் கயிற்றை இழுத்தான். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"குளிர்ல விறைச்சுப்போச்சு. டுவேன், நீ இழுடா" என்றான்.

அன்றைக்குக் குளிரே இல்லை. நான் இழுத்தேன்.

கிறிஸ்துமஸுக்குள் டாக்டர்கள் நோய்க்குப் பெயர் சொல்லிவிட்டார்கள். தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும். கைக்குப் பிறகு கால், கடைசியில் மூச்சு. குணமாக்க மருந்து கிடையாது.

ஏரியில் பனி உடையும் முன்பே டோய்வோ எலெக்ட்ரிக் மோட்டார் வாங்கக் கிளம்பிவிட்டான். கயிறு இழுக்க வேண்டாம், சத்தம் வராது, மெல்ல நகர்ந்துகொண்டே தூண்டில் போடலாம். அவன் மனைவி மார்லிஸும் வந்தாள். நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆனால் மீன்பிடிப்பு என்பது எனக்கும் அவனுக்கும் உள்ள விஷயம். மார்லிஸுக்கு நீச்சல் தெரியாது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த அலுமினியப் படகில் அவள் காலெடுத்து வைத்ததில்லை.

கடைக்காரர் முதலில் காட்டியது படகின் முன்முனையில் பொருத்துவது. "இதக் காலாலயே திருப்பலாம் சார். ரெண்டு கையும் தூண்டிலுக்கு."

டோய்வோ அதன் பெடலின் மேல் பாதத்தை வைத்தான். குதிகாலை அழுத்தினான், விரலை அழுத்தினான்.

"கால் இப்போ மிதிக்குது. ஆகஸ்ட்ல மிதிக்குமான்னு தெரியல."

"அப்போ ரிமோட் வச்சத வாங்கு" என்றாள் மார்லிஸ். வீட்டிலேயே எல்லாம் படித்துவிட்டு வந்திருந்தாள். "கழுத்துல மாட்டிக்கலாம். ஒரு பட்டன் அமுக்கினா காத்தடிச்சாலும் படகு அதே இடத்துல நிக்குமாம். நங்கூரமே வேண்டாம்."

"கட்டைவிரலும் போயிடும், மார்லிஸ்."

கடைக்காரர் அலமாரியில் எதையோ சரிசெய்யப் போய்விட்டார். டோய்வோ நடந்தான். கடைசி வரிசையில் இருப்பதிலேயே சாதாரணமான ஒரு மோட்டார் இருந்தது. படகின் பின்பக்கப் பலகையில், அதாவது பின்பலகையில், திருகி மாட்டுவது. பின்னால் உட்காருகிறவர் கைப்பிடியைப் பிடித்து ஓட்ட வேண்டும்.

"இதுதான்" என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். "சரி, பின் சீட்டு எனக்கு. கிழவனச் சுமக்கறதுதான் இனி என் பொழப்பு."

"உனக்கில்லடா. மார்லிஸுக்கு."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அவள். "தண்ணியப் பாத்தாலே எனக்குப் பயம்."

"லைஃப் ஜாக்கெட்டும் சேத்து வாங்கறோம். ஆரஞ்சு கலர்ல. ரோடு போடறவ மாதிரி இருப்பே."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே கூடாரங்கள் தொங்கிய பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

வண்டியில் மோட்டாரை ஏற்றும்போது டோய்வோ என் பக்கம் வந்தான். "கோவமாடா?"

"எனக்கென்ன கோவம்?"

"பொய் சொல்லாத, மூஞ்சி தொங்குது. நான் போனப்புறமும் உனக்கு ஏரி இருக்கு, மீன் இருக்கு. அவளுக்கு என்கூட இந்த ஒரு கோடைதான்."

மோட்டாருக்கான பேட்டரியைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.

மே மாதம் நானே மோட்டாரை மாட்டிக் கொடுத்தேன். தூண்டில் போடும்போது படகைப் பின்பக்கமாக மெல்லச் செலுத்தினால்தான் காற்று முனையைத் தள்ளிக்கொண்டு போகாது என்று மார்லிஸுக்குச் சொன்னேன். முதல் நாள் படகுத்துறையிலேயே இரண்டு தடவை இடித்தாள். "கார் ஓட்டறப்ப இத விட மோசமா இடிச்சிருக்கா, பயப்படாத" என்று டோய்வோ என்னைப் பார்த்துக் கத்தினான். ஜூன் முடிவதற்குள், ஏரியில் மீன் கூடும் பாறைத்திட்டைச் சுற்றி என்னைவிட நன்றாக ஓட்டினாள். நான் என் படகில் தள்ளியே இருந்துகொண்டேன். அவர்கள் பேசுவது கேட்காது. சில நாள் அவன் சிரிப்பு மட்டும் தண்ணீர் மேல் வரும்.

ஆகஸ்டில் அவனால் தூண்டிலைப் பிடிக்க முடியவில்லை. அப்போதும் போனார்கள். அவனை முன் இருக்கையில் பட்டையால் கட்டி உட்கார வைப்பாள். அவன் தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறானோ அந்தப் பக்கம் படகு போகும்.

மார்ச்சில், ஏரி இன்னும் உறைந்து கிடந்தபோது, டோய்வோ இறந்தான். இறுதிச்சடங்கு முடிந்து, தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் காபியும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கலைந்தோம். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

மே மாதம், மீன்பிடிப் பருவம் தொடங்கும் முதல் நாள் காலையில் மார்லிஸ் போன் செய்தாள். "பேட்டரி சார்ஜ் ஆயிடுச்சு. வர்றியா?"

அவர்கள் படகில் நான் முன்னால் உட்கார்ந்தேன். அவள் பின்னால். பாறைத்திட்டுக்குப் போய்த் தூண்டிலை இறக்கினேன். மோட்டார் ஓடுவதே தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எனக்குப் பின்னால் அவள் அழுவது கேட்டது. அடக்கி, மூக்கை உறிஞ்சி, மறுபடி அடக்கி. படகு மட்டும் கோணாமல் போய்க்கொண்டிருந்தது. நான் என் கோட்டுப் பொத்தானைப் பார்த்தேன், தூரத்துக் கரையைப் பார்த்தேன், திரும்பவில்லை. என் கன்னமும் நனைந்திருந்தது.

மீன் எதுவும் கடிக்கவில்லை. காற்று கிளம்பியதும் திரும்பினோம். துறையில் கயிற்றைக் கட்டும்போது அவள் சொன்னாள்: "அவனும் உன்னைப் போலத்தான். கோடை முழுக்க, நான் பின்னால அழுதப்ப, ஒரு நாள்கூடத் திரும்பிப் பாக்கல."

"கேட்டிருக்குமே அவனுக்கு."

"கேட்டுச்சு. அப்பெல்லாம் ஏரிக்குள்ள இன்னும் தூரமாப் போகச் சொல்லித் தலைய சாய்ப்பான். நான் அழுது முடிக்கற வரைக்கும் கரைக்குத் திரும்ப விடவே மாட்டான்."

பேட்டரி கனமாக இருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மேட்டில் ஏறி, அவள் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தோம்.