நீக்கவில்லை

மார்ச் 14. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். மாலைக் கணினி வகுப்பிலிருந்து நின்றுவிட்டவரின் பயனர் கணக்கை நீக்கச் சொல்லியிருந்தார்கள். கணக்குகளுக்கு எண்தான் பெயர். பதினேழுக்குப் பதில் பதினாறு என்று தட்டிவிட்டேன். அது பக்கத்து இருக்கை அக்காவுடையது. தேர்வுக்காக அவர் செய்த அத்தனை வேலையும் அதில்தான் இருந்தது. எங்கள் கணினியின் பழைய யூனிக்ஸ் இயங்குதளத்தில் நீக்கும் கட்டளை மறுபேச்சில்லாமல் அழித்துவிடும். நல்லவேளை, நேற்றுதான் அதன் புதிய பதிப்பை ஏற்றியிருந்தோம். "இந்தக் கணக்கில் ஒருவர் இப்போது வேலை செய்கிறார், நீக்கவில்லை" என்று திரையில் வந்தது.

"உக்காந்திருக்கிறவளையே எழுப்பி அனுப்பப் பாத்தியாடா?" என்று அக்கா சிரித்தார்.

அந்தக் கட்டளையை மாற்றி எழுதிய முகம் தெரியாத யாரோ, என் கை தவறும் என்று முன்பே நினைத்துப் பார்த்திருக்கிறார்.

நாளை, மாறிய கட்டளைகளின் குறிப்பைப் படித்துவிட்டு, பதினேழை நீக்க வேண்டும்.